ராக்கனின் இடது பக்கம்

போன வாரம் மேல் மலையில் ஒருவனுக்குத் தலையில் அடி. எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிப் புது மருந்தய்யா அவனை லாரியில் படுக்க வைத்துப் பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்துவிட்டான். நல்ல காரியம்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். "லாரி இல்லாத காலத்துல என்ன செஞ்சீங்க? எழுதித் தாங்க. இங்க கட்டுப் போடுறவங்களுக்கு வாசிச்சுக் காட்டணும்" என்றார். எனக்குப் பேச்சே குறைவு. எழுத்து அதைவிடக் குறைவு. ஆனாலும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. அதற்காக எழுதுகிறேன்.

நான் திருச்சிப் பக்கத்திலிருந்து கைப்பிள்ளையாக வந்தவன். லயம் என்கிற வரிசை வீடுகளுக்கு நடுவே இருந்த பள்ளியில் எழுத்துக் கூட்டப் படித்தேன். கொழுந்து மூட்டை தூக்கினேன். காலில் புண் வந்து தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனவன் அங்கேயே வேலைக்கு நின்றுவிட்டேன். முதலில் தரை கழுவினேன். பிறகு கட்டுத் துணி அவித்தேன். பிறகு கட்டுப் போட்டேன். அதுதான் என் படிப்பு.

எங்கள் தோட்டம் நமுனுகுல மலைக்குக் கீழே. அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். பதுளைக்கு ஒருவனைக் கொண்டுபோக வேண்டுமென்றால் கம்பளியில் கட்டி, மூங்கிலில் கோத்து, தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்க வேண்டும். ஆஸ்பத்திரி என்பது ஒரு தகரக் கூரை, சில கட்டில், ஒரு மருந்தறை.

அங்கே மருந்தய்யாவாக இருந்தவர் கந்தையா. யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லி ஆள். மழையோ வெயிலோ கறுப்புக் குடை கையில் இருக்கும். தோட்டத்தில் எல்லாரும் எங்களை அடே என்பார்கள். அவர் மட்டும் நீர் என்பார். முதல்முறை என்னை அப்படிச் சொன்னபோது பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். துரைக்கு ஒரு குரல், எங்களுக்கு ஒரு குரல் அவரிடம் கிடையாது.

கை கழுவுவதை அவரிடம்தான் பார்க்க வேண்டும். கார்பாலிக் சோப்பு. முதலில் நகக்கண், பிறகு விரலிடுக்கு, பிறகு முழங்கை வரை. கழுவிவிட்டு எங்கள் கையை நீட்டச் சொல்லி மோந்து பார்ப்பார். வெற்றிலை வாசம் வந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். சோப்பைத் திரும்ப நம் கையில் வைப்பார். அவ்வளவுதான். திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கும்.

தலையடிக்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். அடிபட்டவன் சிரித்துக்கொண்டு நடந்து வந்தாலும் ஆஸ்பத்திரியில்தான் படுக்க வேண்டும். அதற்குக் காரணம் இருந்தது. சவுக்கு மரத்தில் கிளை வெட்டப் போன ஒருவன் விழுந்தான். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு லயத்துக்கு நடந்தே போனான். லயத்தில் தலையை இறுக்கிக் கட்டி, சாராயம் கொடுத்து, அலுப்புத் தீரத் தூங்கட்டும் என்று விட்டார்கள். அவன் எழும்பவே இல்லை. மருந்தய்யாவுக்குச் சொல்லும்போது எல்லாம் முடிந்திருந்தது. அவர் குடையோடு லயம் லயமாக ஏறி இறங்கினார். "தலையில அடிபட்டவனுக்குச் சாராயம் குடுக்கக் கூடாது. இறுக்கிக் கட்டக் கூடாது. நித்திரை கொண்டா எழுப்பிப் பாக்கோணும். எழும்பேல்லை எண்டா என்னட்ட ஓடி வரோணும்." ஒரே பேச்சை ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார்.

இனி ராக்கன்.

ராக்கன் கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியைக் கத்தியால் கழித்து மட்டம் செய்கிற வேலை. அவன் வெட்டிய செடியைப் பார்த்தால் தட்டைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். வாயும் கத்தி மாதிரி. அவன் பெண்சாதி அங்கம்மா. அவள் தம்பி பழனியாண்டி. மச்சானும் மச்சினனும் சேர்ந்துவிட்டால் மலையில் கேலி ஓயாது. பக்கத்து நிரைக்காரன் வேலையை விட்டுவிட்டுக் கேட்பான்.

மேல் மலையிலிருந்து கொழுந்து மூட்டையைக் கம்பியில் கொக்கி மாட்டி தேயிலை காயவைக்கும் ஸ்டோருக்கு இறக்குவார்கள். ஒரு நாள் கொக்கி கழன்றது. கீழே நின்ற ராக்கனின் வலது காதுக்கு மேலே மூட்டை அடித்தது. தலையில் கம்பளியை மடித்துப் போட்டிருந்தான். அது இல்லையென்றால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

நான்கு பேர் தூக்கி வந்தார்கள். பதுளைக்குக் கொண்டுபோகலாமா என்று, ஆட்களை வேலை வாங்கும் கங்காணி கேட்டார்.

"குலுக்கினா வழியிலேயே போயிடுவான். இஞ்ச கிடக்கட்டும்" என்றார் மருந்தய்யா.

தலைமாட்டை உயர்த்தினார். காதுக்குள் இரத்தமோ தண்ணீரோ கசிகிறதா என்று பார்த்தார். விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து, இரண்டு கண்மணியும் ஒரே அளவில் சுருங்குகிறதா என்று பார்த்தார். காயத்தைச் சுற்றி மயிரை மழித்துக் கழுவினார். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட விடவில்லை. விழுங்கத் தெரிந்த பிறகுதான் தண்ணீர் என்றார். எனக்கு ஒரு வேலை கொடுத்தார். மணிக்கு ஒரு தடவை அவனைத் தட்டி மூன்று கேள்வி கேட்க வேண்டும். உன் பேர் என்ன, பெண்சாதி பேர் என்ன, எந்த மலையில் வேலை. கேள்வியை மாற்றக் கூடாது. குரலையும் மாற்றக் கூடாது. பதில் தேய்ந்தால் அவரை எழுப்ப வேண்டும்.

முதலில் முனகல்தான் வந்தது. பிறகு பேர் வந்தது. பிறகு ஒரு தடவை, "பொண்டாட்டி பேர எத்தன தடவ கேப்ப? ஒனக்கு எதுக்கு அவ பேரு?" என்றான். நான் மருந்தய்யாவிடம் ஓடினேன். "இனித் தப்பியிட்டான்" என்றார்.

பேச்சு வந்துவிட்டது. இடது கையில் மட்டும் பலம் குறைவு. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அப்புறம்தான் இந்தக் கூத்து.

அங்கம்மா சோறு கொண்டுவந்தாள். பருப்பு, கீரை, கருவாடு. அவன் பாதித் தட்டுச் சாப்பிட்டுவிட்டு அவளை முறைத்தான்.

"ஏண்டி, இவ்வளவுதானா? கைப்பிள்ளைக்குப் போடுற மாதிரி போடுற?"

"தட்டுல அவ்வளவு கெடக்கே!"

"எங்க கெடக்கு? காலித் தட்டக் காட்டி ஏமாத்துறியா?"

அவள் அழுதாள். இவருக்கு என் கைச்சோறு பிடிக்கவில்லை, சாக்குச் சொல்கிறார் என்று என்னிடம் சொன்னாள். மறுநாளும் அதே சண்டை. அதற்கு மறுநாள் மருந்தய்யா கட்டில் காலடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ராக்கன் பாதிச் சோற்றோடு நிறுத்தியதும் வந்து தட்டை அரைச் சுற்றுத் திருப்பி வைத்தார். இடது பக்கம் கிடந்த சோறு வலது பக்கம் வந்தது.

ராக்கன் முகம் மலர்ந்தது. "இப்பத்தான் போட்டியா? இத முன்னயே போட்டா என்ன?" என்று அள்ளிச் சாப்பிட்டான். கருவாடும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

மருந்தய்யா அவன் ஒவ்வொரு கண்ணையும் மூடிப் பார்த்தார். காதருகில் விரல் சொடுக்கிப் பார்த்தார். பிறகு எங்களைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"கண்ணில பழுதில்லை. காதில பழுதில்லை. அவன்ர மூளை இடப்பக்கத்தை மறந்து போச்சுது."

"அதுக்கு என்ன பேருங்க சாமி?" என்றேன்.

"பேர் எனக்குத் தெரியாது காணும். பேர் தெரியாட்டிலும் பாக்கலாம்."

அங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். "அப்ப என்னயும் பாதி மறந்துட்டாராங்க?"

"இனி நீர் வலப்பக்கம் நில்லாதையும். சோறு குடுக்கிறது, கதைக்கிறது எல்லாம் இடப்பக்கம்."

வாசல் அவன் கட்டிலுக்கு இடது பக்கத்தில் இருந்தது. பார்க்க வருகிறவர்கள் அந்தப் பக்கமாகத்தான் வருவார்கள். யார் வந்தாலும் அவன் திரும்புவதில்லை. ராக்கனுக்குக் கெருவம் வந்துவிட்டது என்று லயத்தில் பேச்சாகிவிட்டது. கட்டிலைத் திருப்பிப் போடட்டுமா என்று கேட்டேன். மருந்தய்யா குடையைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னார்.

"கட்டிலைத் திருப்பலாம். மலையைத் திருப்பேலுமோ?"

இதற்கிடையில் கங்காணி வந்தார். இடது பக்கம் நின்று இரண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டார். ராக்கன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கங்காணிக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் கூட்டியாந்த ஆளு. ஒரு சலாம் இல்ல. திரும்பிக்கூடப் பாக்கல. செத்துப் பொழச்சதும் பெரிய துரையாயிட்டானா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "பாதி தெரியுமாம், பாதி தெரியாதாம். எங்கிட்டயேவா?" என்று போய்விட்டார். துரையிடம் போய், ராக்கன் இனி வேலைக்கு ஆக மாட்டான், பேரை வெட்டிவிடலாம் என்றார். பேர் வெட்டினால் லயத்து அறை போகும். அறை போனால் அங்கம்மாவோடும் பிள்ளைகளோடும் கப்பலேற வேண்டும். ஊரில் அவர்களுக்கு ஒரு குடிசையும் இல்லை.

மருந்தய்யா துரை பங்களாவுக்கு ஏறினார். நான் குடை பிடிக்கப் போனேன், ஆனால் குடையை அவரேதான் பிடித்தார். துரை அவரோடு இங்கிலீஷில் பேசினார். பிறகு கங்காணிக்கும் எனக்கும் கேட்கட்டும் என்று தமிழில் சொன்னார்.

"மழை முடிஞ்சு கவ்வாத்து வரும். அன்னிக்கு அவனுக்கு ஒரு நிரை குடு. எல்லா ஆள் மாதிரி செய்யும், இருக்கட்டும். செய்யாது, போகட்டும்."

மருந்தய்யா இறங்கி வந்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த சில தேயிலைச் செடிகளைப் பார்த்தார். "நாளையிலிருந்து இதில பழக்குவம்" என்றார்.

பழக்கியது சுலபமில்லை. ராக்கன் செடியின் வலது பாதியை அழகாக மட்டம் செய்வான். இடது பாதி அப்படியே கொத்தாக நிற்கும். முடித்தாயா என்றால், "முடிஞ்சுதுங்க சாமி" என்பான். பொய் சொல்லவில்லை. அவனுக்கு முடிந்துதான் இருந்தது. மருந்தய்யா அவன் இடது கையைப் பிடித்துச் செடியின் இடது ஓரக் கிளையில் வைப்பார். "முதல்ல இந்தக் கிளையைப் பிடியும். பிடிச்ச பிறகுதான் கத்தி." அவர் வைத்தால் வெட்டுவான். தானாக வைக்கச் சொன்னால் கை வேறெங்கோ போகும். அங்கம்மா இடது பக்கம் நின்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. நான் தகரம் தட்டினேன். திரும்பவில்லை. கொஞ்ச நேரம் போனால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அப்போது மருந்தய்யா கத்தியை வாங்கி வைத்துவிடுவார். "மூளைக்கு வேலையும் வேணும், ஓய்வும் வேணும். அளந்து குடுக்கோணும்" என்பார். மத்தியானம் கட்டாயம் தூங்க வைப்பார்.

பழனியாண்டி தினமும் வருவான். ஆனால் அடிபட்ட மச்சானிடம் கேலி பேச அவனுக்கு மனம் வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு துக்க வீட்டில் நிற்பதுபோல நிற்பான். ஒரு நாள் ராக்கன் தானே முகம் மழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வலது கன்னம் வழுவழு. இடது கன்னம் முள்ளுக்காடு. மீசையும் பாதிதான் கத்தரித்திருந்தான். வாசலில் நுழைந்த பழனியாண்டியால் அடக்க முடியவில்லை.

"என்னா மச்சான், பாதி மூஞ்சி மாப்பிள்ளை, பாதி மூஞ்சி சாமியாரா?"

ராக்கன் தலை சட்டென்று இடது பக்கம் திரும்பியது.

"ஒங்க அக்காவக் கட்டுன அன்னிக்கே முழுச் சாமியாராயிட்டேன் மாப்ளே!"

மருந்தறையில் எழுதிக்கொண்டிருந்த மருந்தய்யா பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். பழனியாண்டி ஓரடி பின்னுக்குப் போனான்.

"தெரியாமச் சொல்லிட்டேங்க சாமி."

"பயப்பிடாதையும். இன்னொருக்காப் பகிடி பண்ணும்."

"சாமி?"

"அந்த இடத்திலேயே நிண்டு. என்னவெண்டாலும் சொல்லும்."

பழனியாண்டி அங்கேயே நின்றான். "என்னா மச்சான்... இடது காதுக்கு லீவு குடுத்திட்டியா?"

ராக்கன் மறுபடி திரும்பினான். "ஆமா, ஒன் சத்தம் வர்ற காதுக்கு மட்டும்."

மருந்தய்யா என்னைப் பார்த்தார். அவர் மீசைக்குள் ஏதோ அசைந்தது. மருந்தய்யா கூப்பிட்டால் திரும்பாத தலை, பெண்சாதி கூப்பிட்டால் திரும்பாத தலை, மச்சினன் கேலிக்குத் திரும்புகிறது. பதில் சொல்லாமல் விட்டால் மானம் போகுமே. அன்றே மருந்து எழுதினார். பழனியாண்டி தினமும் வேலை முடிந்ததும் வர வேண்டும். இடது பக்கம் நிற்க வேண்டும். ராக்கன் ஒவ்வொரு செடிக்கும் கை வைக்கும்போது ஒரு கேலி. வலது பக்கம் நின்று பேசக் கூடாது. கேலி செய்யாமல் நல்ல வார்த்தை பேசவும் கூடாது.

தோட்டத்தில் இப்படி ஒரு வைத்தியம் யாரும் கண்டதில்லை. பழனியாண்டிக்குச் சரக்குத் தீர்ந்துபோனது. லயத்தில் ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிக் கொடுத்து அனுப்பினார்கள்.

"மச்சான், அந்தக் கை ஏன் சும்மாவே தொங்குது? பேரு கூப்புடுற பெரட்டுக்கு வரலியா?"

"ஒங்க வீட்டுப் பொண்ணக் கட்டுனேன்ல. அந்தச் சோம்பல் ஒட்டிக்கிச்சு."

அங்கம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். "நல்லா வைத்தியம் பாக்குறாங்க. என் பொறந்த வீட்டுக் கதைதான் மருந்தா?"

"கொஞ்சம் பொறும்" என்றார் மருந்தய்யா. "மருந்து எண்டா கசக்கும்தானே."

திரும்பும்போதெல்லாம் கண் இடது ஓரக் கிளையில் பட்டது. கண் பட்ட இடத்துக்குக் கை போனது. கை பிடித்த பிறகு கத்தி போனது. மெள்ள மெள்ள, பாதியாக நின்ற செடிகள் வட்டமாயின. ஆனால் பழனியாண்டி வராத நாளில் மறுபடி பாதிதான். அது மருந்தய்யாவுக்கும் தெரியும்.

கவ்வாத்து நாள் வந்தது. காலைப் பெரட்டில் ஆட்களைப் பிரித்தார்கள். அன்று மருந்தய்யா ஆஸ்பத்திரியை என்னிடம் விடவில்லை. "வாரும்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு மலைக்கு ஏறினார்.

கங்காணி ராக்கனுக்கு ஓர நிரையைக் கொடுத்தார். அதற்கு இடது பக்கம் தண்ணீர் ஓடும் கான். அங்கே ஆள் நிற்க இடமில்லை. பழனியாண்டியை மலையின் மறு கோடிக்கு அனுப்பினார். பழனியாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். "போடா ஒன் நிரைக்கு" என்றார். கணக்கப்பிள்ளை பக்கத்தில் நின்றார். முழு வேலை செய்தவனுக்கு முழுப் பேர், குறைத்துச் செய்தவனுக்கு அரைப் பேர் போடுவது அவர் வேலை.

நான் மருந்தய்யாவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை கேட்டால் கங்காணி நிரையை மாற்றியிருப்பார். அவர் கேட்கவில்லை. குடையை ஊன்றி நிரைக்குக் கீழே நின்றார். அவர் கை குடைக் காம்பை எப்படிப் பிடித்திருந்தது என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ராக்கன் தொடங்கினான். முதல் செடி வட்டம். அடுத்ததும் வட்டம். அதற்கடுத்த செடியில் இடது பக்கம் கொத்தாக நின்றுவிட்டது. அவன் அடுத்த செடிக்கு நகர்ந்தான். அதுவும் பாதி. துரை மேலேயிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். அங்கம்மா பக்கத்து மலையில் கொழுந்தெடுக்கிறவள். கூடையோடு எழும்பி நின்று பார்த்தாள். கங்காணி நிற்க அவளாலும் கத்த முடியாது. கத்தினாலும் அவன் திரும்ப மாட்டான்.

ராக்கன் நின்றான். கத்தியைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தான். பிறகு சத்தமாகச் சொன்னான்.

"என்னா மச்சான், பாதிச் செடிக்கு மொட்டை, பாதிச் செடிக்குச் சடையா?"

பழனியாண்டி குரலை அப்படியே எடுத்திருந்தான். சொன்னவனே இடது பக்கம் திரும்பினான். அங்கே கான் மட்டும்தான்.

"சடை போட ஒங்க அக்கா இருக்கா மாப்ளே" என்று கானுக்குப் பதில் சொன்னான். திரும்பிய கண் ஓரக் கிளையில் பட்டது. பிடித்தான். வெட்டினான். பின்னுக்குப் போய்ப் பாதியாக விட்ட இரண்டு செடியையும் முடித்தான். பிறகு ஒவ்வொரு செடிக்கும் தானே கேலி, தானே பதில். பக்கத்து நிரைக்காரர்களுக்கு முதலில் பயம். பிறகு சிரிப்பு. பிறகு சிரிப்பும் நின்றது. எல்லாரும் கேட்டுக்கொண்டே வெட்டினார்கள்.

துரை வந்து நின்றார். "என்னா அது? யாரோட பேசுது?"

"மச்சினனோட கதைக்கிறான்" என்றார் மருந்தய்யா.

துரை கானைப் பார்த்தார். ராக்கனைப் பார்த்தார். செடிகளைப் பார்த்தார். குனிந்து ஒரு செடியின் மட்டத்தைத் தடியால் தடவினார். அடுத்த நிரைக்குப் போனார்.

கங்காணி மட்டும் போகவில்லை. கானைத் தாண்டி அதன் அந்தப் பக்கக் கரையில் ஏறினார். ராக்கனுக்கு நேர் இடது பக்கம். சத்தம் போடவில்லை. கூப்பிடவில்லை. சும்மா நின்றார்.

ராக்கன் அடுத்த செடிக்குக் கேலி சொல்லிக்கொண்டே திரும்பினான். பாதியில் பேச்சு நின்றது. கத்தியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினான். பலம் குறைந்த கைதான். ஆனால் பிடித்துக்கொண்டது. வலது கை நெற்றிக்குப் போனது.

"சலாமுங்க கங்காணி."

கங்காணி தொண்டையைக் கனைத்தார். வேட்டியை இறக்கிவிட்டார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் செடியைப் பார்த்தார். பிறகு எங்கள் தலைக்கு மேலாகக் கணக்கப்பிள்ளையிடம் சொன்னார்.

"ராக்கனுக்கு முழுப் பேரு போடுங்க."

பக்கத்து மலையில் அங்கம்மா கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு நிரைக்குக் குனிந்தாள். மருந்தய்யா குடையை விரித்தார்.

"வாரும் காணும். கட்டுத் துணி அவிக்கக் கிடக்கு" என்றார்.